விழு

பல மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கையசைவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். சுட்டுவிரலும் கட்டைவிரலும் ஒரு பொம்மை வீரனின் தோளைப் பற்றித் தூக்குகின்றன. மணிக்கட்டு லேசாகத் திரும்புகிறது. அவன் மேசையின் ஓரத்துக்குப் போய்ச் சேர்கிறான். ஒரு நொடிகூட ஆகாது. ஒரு மாலைப்பொழுதில் இதை முப்பது நாற்பது தடவை செய்கிறேன். பகடை உருளும் சத்தம், எண்களைக் கூட்டும் முணுமுணுப்பு, பிறகு இந்த அசைவு. நார்மன்களுக்கும் சாக்ஸன்களுக்கும் நடந்த சண்டையை இரண்டு பேர் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து மறுபடி நடத்துகிறோம் என்றால், அந்த மூன்று நான்கு மணி நேரத்தில் மிக அதிகம் நடப்பது இதுதான். ஆனால் ஆட்டம் முடிந்து இருட்டில் வீட்டுக்கு நடக்கும்போது நினைவுக்கு வருவது குதிரைப்படை மேட்டை நோக்கிப் பாய்ந்த கணம், கேடயச்சுவர் கலகலத்த கணம், கடைசிப் பகடையில் எல்லாம் தலைகீழான கணம். இத்தனை முறை செய்த அந்த அசைவு மட்டும் ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை. வராமல் போனது எப்படி என்று கேட்டுக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து, பகடையை எடுக்கும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது.

நான் வசிப்பது இங்கிலாந்தின் தென்கிழக்கே, கெண்ட் பகுதியில் ஒரு சிற்றூர். எதிரில் உட்காருபவர் எழுபது தாண்டிய தச்சர். தொழிலை விட்ட பிறகும் மரத்தூள் வாசனை போகாத மனிதர், காதிடுக்கில் பென்சில் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. கொட்டகை அவருடையது. ஆறடிக்கு நான்கடி மேசை அவர் இழைத்தது. மேசைமேல் பச்சை விரிப்பு, விரிப்புக்கடியில் தெர்மாகோல் பலகைகளை அறுத்து அடுக்கிய மேடு. அந்த மேட்டின் முதுகில் அவருடைய சாக்ஸன்கள் கேடயத்தோடு கேடயம் உரச நிற்பார்கள். கீழே என் நார்மன்கள்: முன்னால் வில்லாளிகள், நடுவில் காலாட்கள், பின்னால் குதிரைவீரர்கள். 1066 அக்டோபர் 14, சனிக்கிழமை காலையில், ஹேஸ்டிங்ஸ் போரில், நார்மன் தலைவர் வில்லியம் தன் படையை நிறுத்தியதாக அவருடைய ஆதரவாளர்கள் எழுதிவைத்த வரிசை அது. தச்சர் நார்மன் தரப்பை ஆடமாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவருடைய ஆள் விழுந்தால் கையசைவே வேறு. பக்கத்து முக்காலியில் திறந்துவைத்த பெட்டியில் ஸ்பாஞ்சை வெட்டிச் செய்த குழிகள் இருக்கும், ஆளுக்கொரு குழி. விழுந்தவனை அவனவன் குழியில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுத்தான் அடுத்த பகடையைத் தொடுவார். நான் என்னுடையவர்களை மேசை ஓரத்தில் குவித்துவிடுவேன். குதிரையின் கால் இன்னொருவனின் ஈட்டியில் சிக்கிக்கொள்ளும், எல்லாம் முடிந்தபின் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். என் குவியலைப் பற்றி அவர் ஒருமுறைகூட எதுவும் சொன்னதில்லை. ஒருநாள் தேநீர் போட அவர் எழுந்து போயிருந்தபோது அந்தப் பெட்டியையும் இந்தக் குவியலையும் அருகருகே பார்த்தேன். உறுத்தல் அன்று தொடங்கியது.

நாங்கள் பெரும்பாலும் ஆடுவது ‘லயன் ராம்பண்ட்’ என்ற விதித்தொகுப்பை. டேனியல் மெர்ஸி எழுதி 2014இல் வந்தது. சின்னச் சண்டைகளுக்கானது. ஹேஸ்டிங்ஸ் போர் முழுவதையும் அதற்குள் அடைக்க முடியாது என்பதால் மேட்டின் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். காலாட்கள் பன்னிரண்டு பேர் ஓர் அணி, குதிரைவீரர்கள் ஆறு பேர் ஓர் அணி. அணியை நகர்த்த இரண்டு பகடை உருட்டி, குறித்த எண்ணை எட்டவேண்டும். எட்டாவிட்டால் அணி நின்ற இடத்திலேயே நிற்கும், முறையும் எதிராளியின் கைக்குப் போய்விடும். தொண்டை கிழியக் கத்தியும் யாருக்கும் கேட்காத தளபதியின் நிலை இந்த ஒரு விதியில் முழுசாக வந்துவிடுகிறது. நான் இந்த விளையாட்டை மதிப்பதற்கு முதல் காரணம் அதுதான். புத்தகங்கள் எத்தனையோ படித்தும் புரியாத ஒன்று, உத்தரவு என்பது எவ்வளவு தூரம் வரை போகும் என்பது, பகடையில் புரிந்தது. சண்டை மூண்டால் கைநிறையப் பகடை. பட்ட அடிகளை எண்ணி எதிரியின் கவச எண்ணால் வகுக்கவேண்டும். கவசம் மூன்று என்றால் மூன்றடிக்கு ஓர் ஆள். எட்டு அடி பட்டால் இரண்டு பேரை எடுத்துவிடலாம். மீதி இரண்டு அடி? அவற்றைக் கணக்கில் விட்டுவிட வேண்டும், அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. வருடக்கணக்கில் ஆடியும் அந்த மீதி எங்கே போகிறது என்று நான் யோசித்ததில்லை. கேடயத்தில் பட்டுத் தெறித்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தொடையில் இறங்கிய வெட்டாகவும் இருக்கலாம், பத்து நாள் கழித்துச் சீழ்வைத்துச் சாகிற வெட்டு.

தமிழில் காயை ‘வெட்டுவது’ என்கிறோம். அந்தச் சொல்லைச் சிறுவயதில் எத்தனை சாதாரணமாகச் சொல்லியிருக்கிறோம். ஆனால் தாயத்தில் வெட்டுப்பட்ட காய் சாவதில்லை. வீட்டுக்குத் திரும்பி, தாயம் விழும்வரை காத்திருந்து மறுபடி இறங்குகிறது. சதுரங்கத்தில் வெட்டுப்பட்டது திரும்புவதில்லை என்றாலும் சிப்பாய்க்கு முகம் கிடையாது, மொழுமொழுவென்று ஒரு தலை மட்டும். இந்த ஆட்டத்தில்தான் காய்க்கு முகம் இருக்கிறது. 28 மில்லிமீட்டர் உயரம், சுண்டுவிரலின் பாதி. ஆனால் மூக்குக்காப்பு வைத்த கூம்புத் தலைக்கவசம், அதன் கீழே திறந்த வாய், கத்துகிறானா மூச்சு வாங்குகிறானா என்று தெரியாத வாய். அந்த முகத்தை உண்டாக்கியவனும் நான்தான். கறுப்பு ப்ரைமர் அடித்துக் காயவைத்து, காய்ந்த தூரிகையில் வெள்ளிச் சாயத்தைத் தொட்டு, தாளில் துடைத்து, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் கவசத்தின்மேல் ஓட்டினால் இரும்பு வளையங்களின் மேடுகள் மட்டும் மின்னும். பிறகு தண்ணீர்போல் ஓடும் பழுப்புச் சாயத்தை ஊற்றினால் மடிப்புகளில் போய்த் தேங்கி, மூன்று வாரம் மழையில் நின்றவனைப்போல ஆகிவிடுவான். கண்ணுக்குத்தான் அதிக நேரம். கண்குழியில் முதலில் ஒரு கறுப்புக் கீற்று. அதற்குள், கறுப்பு மயிரிழையளவு மிஞ்சும்படி வெள்ளை. வெள்ளையின் நடுவில், மூச்சை நிறுத்தி, ஒரு புள்ளி. புள்ளி கொஞ்சம் தள்ளிப்போனாலும் பேயறைந்தவன்போல விழிப்பான், மறுபடி முதலிலிருந்து. ஊரில் சிற்பி எல்லாம் முடித்தபின் கண் திறப்பார். பொம்மைக்கு நான் கண்ணை முதலிலேயே திறந்துவிடுகிறேன். தோல்நிறத்தைப் பிறகு சுற்றிலும் பூசிக்கொள்வது எளிது என்பதால். ஆக, மீசையும் கேடயத்துச் சித்திரமும் வந்து சேரும்வரை இரண்டு மூன்று மாலைகள் அவன் வெறும் கறுப்பு உடம்பிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்தப் போரில் உலகம் நினைவில் வைத்திருப்பதும் ஒரு கண்ணைத்தான், அம்பு தைத்த, சாக்ஸன்களின் அரசன் ஹரால்டின் கண்ணை. போரின் கதையைத் துணியில் சொல்லும் பாயூ தையல்சித்திரத்தில் அரசன் ஹரால்ட் கொல்லப்பட்டான் என்ற லத்தீன் வாசகத்தின் அடியில், முகத்தில் பாய்ந்த அம்பைப் பிடித்தபடி ஒருவன் நிற்கிறான். பக்கத்திலேயே ஒரு குதிரைவீரனின் வாள் இன்னொருவனின் தொடையை வெட்டுகிறது. இருவரில் யார் ஹரால்ட், இருவருமே அவர்தானா என்ற சர்ச்சை ஓயவில்லை. 1729இல் அந்தோன் பெனுவா என்ற ஓவியர் படியெடுத்த சித்திரத்தில், அம்பு என்று நாம் பார்க்கும் அந்தக் கோட்டுக்கு இறகே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீர்செய்த கைகள் சேர்த்த இழைகளும் அங்கே கலந்திருக்கின்றன. எனக்கு அம்பு முக்கியமில்லை. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தத் துணியின் கீழ்க்கரையை.

சுமார் எழுபது மீட்டர் நீளம், அரை மீட்டர் உயரம். லினன் துணியில் கம்பளி நூல் வேலை. இங்கே கெண்டிலேயே, கேன்டர்பரிப் பக்கத்தில் செய்ததாக இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. வில்லியமின் தாய்க்கு வேறு கணவரிடம் பிறந்த சகோதரர், பாயூ ஆயர் ஓடோ, செய்யச் சொல்லியிருக்கலாம். புடவைக்குப்போல மேலும் கீழும் கரை உண்டு. கதை நடுவில் ஓட, கரைகளில் பறவைகள், சிங்கங்கள், நரி காக்கைக் கதைகள். போர் தொடங்கியதும் கீழ்க்கரையிலிருந்து மிருகங்கள் மெல்ல விலகுகின்றன. அந்த இடத்தில் பிணங்கள் வந்து விழுகின்றன. தலையில்லாத உடல், உடலில்லாத தலை, கேடயத்தின் கீழ் குப்புறக் கிடப்பவன், இரண்டு பேர் சேர்ந்து கவசத்தைத் தலைவழியாக உரித்தெடுக்கும்போது அம்மணமாகத் தெரிகிற உடம்பு. மேலே, நடுவில், குதிரைகள் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. ஊசி பிடித்த அந்தக் கைகளுக்கும் என் பிரச்சினையே வந்திருக்கிறது: விழுந்தவர்களை எங்கே வைப்பது? அவர்கள் கரையில் வைத்தார்கள். கதையின் வழியை மறிக்காமல், அதேநேரம் கதையைப் பார்க்கிற எவன் கண்ணிலும் படாமல் போகாமல். என் மேசைக்குக் கரை இல்லை. விழுந்தவன் எழுந்து போய்விடுகிறான், விரிப்பு மறுபடி பசேலென்று கிடக்கிறது, ஒரு துளி படாமல்.

இந்தப் பசுமைதான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. ஹேஸ்டிங்ஸ் நடந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டில் தமிழில் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணி பாடினார். குலோத்துங்கனின் வெற்றியைப் புகழத்தான் பாடினார், போரை எதிர்த்துப் பாடவில்லை. ஆனாலும் அவருடைய களத்தில் பிணம் எங்கும் போவதில்லை. சண்டை ஓய்ந்தபின் பேய்கள் இறங்கி, பல்லை அரிசியாகக் குற்றி, மூளையையும் குருதியையும் சேர்த்துக் கூழ் அடுகின்றன. அதைப் பாடாமல் பரணி முடியாது. பள்ளியில் அதைப் படித்தபோது அருவருப்பாக இருந்தது. இப்போது, மேசையெதிரில் உட்கார்ந்து யோசிக்கும்போது, புகழ்பாடும் கவிஞனுக்குக்கூட இருந்த ஒரு கட்டாயம் எனக்கு இல்லாமல் போனதே என்று தோன்றுகிறது. விழுந்ததை அங்கேயே வைத்து, அது என்ன ஆகிறது என்று கடைசிவரை பார்க்கிற கட்டாயம்.

போன குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்லவேண்டும். என் சட்டைக்கை பட்டு அவருடைய வீரன் ஒருவன் மேசையிலிருந்து கீழே விழுந்தான். சிமெண்டுத் தரை. ஈட்டி கைப்பிடிக்கு மேலே ஒடிந்து, துண்டு எங்கோ ஓடிவிட்டது. நான் பதறிப்போனேன். மண்டியிட்டுக் கைப்பேசி வெளிச்சத்தில் கால்மணி நேரம் தேடினேன், மன்னிப்புக் கேட்டேன், மறுபடி கேட்டேன். ‘பரவாயில்லை, கம்பி செருகி ஒட்டிக்கொள்ளலாம்’ என்றார் அவர். ஆட்டத்தைத் தொடர்ந்தோம். அடுத்த சுற்றில் என் வில்லாளிகள் அதே அணியில் நான்கு பேரைக் கொன்றார்கள். நான் உற்சாகத்தில் மேசையைத் தட்டினேன். அன்றிரவு தூக்கம் வராமல் இதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒடிந்தது நிஜம், செத்தது பாவனை. ஆகவே ஒடிந்ததற்குப் பதறியது நியாயம்தான். இந்தப் பதிலில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பாவனைக்குள்தானே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்? அதற்குள் பயம் நிஜமாக இருந்தது, பேராசை நிஜமாக இருந்தது, வெற்றி பெற்றபோது நெஞ்சு நிஜமாகவே விம்மியது. துக்கத்துக்கு மட்டும் பாவனைக்குள் இடமில்லாமல் போனது ஏன்?

இதில் முன்னோடிகளுக்கும் தடுமாற்றம் இருந்திருக்கிறது. ஹெச்.ஜி.வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற விதிப்புத்தகத்தை வெளியிட்டார்; ஈய வீரர்களை ஸ்பிரிங் வைத்த பொம்மை பீரங்கியால் சுட்டு விழுத்தும் ஆட்டம். நிஜப் போர் எத்தனை முட்டாள்தனமானது என்பதை இதை மூன்று நான்கு தடவை ஆடினால் எவரும் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கையோடு அந்தப் புத்தகத்தை முடிக்கிறார். மறுவருடம் நிஜப் போர் வந்ததும், போரையே முடித்துவைக்கப்போகும் போர் இது என்று ஆதரித்து எழுதியவரும் அவரேதான். 1962இல் ‘வார் கேம்ஸ்’ எழுதி இந்தப் பொழுதுபோக்கைப் பரப்பிய டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் இரண்டாம் உலகப்போரில் டாங்கிப் படையில் இருந்தவர். களத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு மேசைக்கு வந்தவர் அவர். அவருடைய கை அந்த அசைவை எப்படிச் செய்திருக்கும் என்று சிலசமயம் நினைத்துக்கொள்வேன்.

என் உறுத்தலுக்கு ஓர் உருவம் கொடுத்தது வேறொரு வாசிப்பு. 1070ஐ ஒட்டி, போப்பின் தூதராக வந்த சியோன் ஆயர் எர்மன்ஃப்ரிட்டின் ஒப்புதலோடு, நார்மன் ஆயர்கள் ஒரு பிராயச்சித்த ஆணை வகுத்தார்கள். தோற்றவர்களுக்கு இல்லை, ஜெயித்த தங்கள் ஆட்களுக்கு. அந்தப் பெரும்போரில் தான் கொன்றதாகத் தெரிந்த ஒவ்வொருவனுக்கும் ஒரு வருடத் தவம். வெட்டினான், வெட்டுப்பட்டவன் பிழைத்தானா செத்தானா தெரியவில்லை என்றால் ஆளுக்கு 40 நாள். எத்தனை பேர் என்றே தெரியாதவன் மீதி வாழ்நாள் முழுவதும் வாரத்தில் ஒரு நாள் தவமிருக்கவேண்டும்; வசதியுள்ளவன் ஒரு தேவாலயம் கட்டியோ அதற்குச் சொத்து எழுதிவைத்தோ ஈடுசெய்யலாம். வில்லாளிகளைத் தனியாகக் குறித்திருக்கிறார்கள்: தங்கள் அம்பு யாரைக் கொன்றது, யாரைக் காயப்படுத்தியது என்று அவர்களுக்குத் தெரியவே வழியில்லை, ஆகையால் மூன்று தவக்காலங்கள். படித்துக்கொண்டே வந்தவன், விதிப்புத்தகம் என்னை விட்டுவிடச் சொன்ன அந்த மீதி இரண்டு அடிகளை இங்கே கண்டேன். ஓர் ஆளைச் சாய்க்கப் போதாமல் போன அடிகள். அவற்றுக்கும் இங்கே கணக்கு இருந்தது, தலைக்கு 40 நாள்.

இதற்கு எத்தனை பேர் கட்டுப்பட்டிருப்பார்கள் என்பதைவிட, அந்தக் கேள்வி ஒருவனிடம் கேட்கப்பட்டதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நார்மண்டியில் ஏதோ ஒரு கிராமத்தில், புதிதாகக் கிடைத்த ஆங்கிலேய நிலத்தின் வருமானத்தில் கூரை மாற்றிய வீட்டில், ஒருவன் விரல்விட்டு எண்ணுகிறான். கோடாலி வைத்திருந்தவன் ஒன்று. மீசைக்காரன், அவன் விழுந்ததைப் பார்த்தேன், இரண்டு. சரிவில் வழுக்கியபோது குத்தியவன்... அவன் எழுந்தானா? எழுந்ததுபோலத்தான் இருந்தது. எண்ணுவதற்கு அவன் ஒவ்வொருவரையும் மறுபடி பார்க்கவேண்டியிருக்கிறது. என்னிடமும் எண்ணிக்கை உண்டு, துல்லியமாக, சுற்றுவாரியாக. ஆனால் பார்க்காமலே எண்ணிய எண்ணிக்கை. அந்த ஆணையில் இன்னொரு வரியும் உண்டு. யாரையும் அடிக்கவில்லை, ஆனால் அடிக்க விரும்பினான் என்றால் அவனுக்கு மூன்று நாள். அதைப் படித்தபின் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் ஒருவரையும் அடித்ததில்லை. ஆனால் பகடையைக் குலுக்கும்போது என் வாய் ஒரு சொல்லை முணுமுணுக்கிறது. பாட்டியோடு தாயம் ஆடிய நாளிலிருந்து வருகிற பழக்கம். ‘விழு, விழு’ என்று. தச்சருக்குத் தமிழ் தெரியாது, ஏதோ ஸ்லோகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் எண்ணைத்தான் கூப்பிடுகிறேன், ஆறு விழு, ஐந்து விழு. ஆனால் நம் மொழியில் எண்ணும் விழுகிறது, ஆளும் விழுகிறான். கண் மேட்டின்மேல் நிற்பவனைப் பார்த்துக்கொண்டிருக்க, வாய் விழு என்று சொன்னால், சொன்னது யாரை?

வசந்தத்தில் ஒருநாள் இருவருமாகப் போர் நடந்த இடத்துக்குப் போனோம். ஊரின் பெயரே பேட்டில்தான். வில்லியம் கட்டுவித்த மடாலயத்தின் இடிபாடுகள், ஹரால்ட் விழுந்த இடமென்று மரபு சொல்லும் பலிபீடத்தின் இடத்தில் ஒரு கல். மடத்துக்காக மேட்டின் முதுகைச் சமப்படுத்திவிட்டார்கள், ஆகவே அன்றைய உயரம் இன்று இல்லை. இருந்தும் கீழிருந்து ஏறினால் மூச்சு வாங்குகிறது. எங்கள் தெர்மாகோல் மேடு இரண்டங்குலம். அடிவாரத்தில் மண் நசநசவென்று செருப்பைப் பிடித்தது, செம்மறி ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை நடந்த போர். இரண்டு பக்கமும் பல ஆயிரம் பேர். வில்லியமின் சொந்தப் பாதிரியாக இருந்து வரலாறு எழுதிய புவாத்தியே வில்லியம், மேட்டின்மேல் ஆட்கள் அத்தனை நெருக்கமாக நின்றதால் செத்தவர்களுக்குச் சாயக்கூட இடமிருக்கவில்லை என்கிறார். அந்தப் புல்லைப் பார்த்தபோது என் மேசைவிரிப்பு நினைவுக்கு வந்தது. அதே பச்சை.

ஹரால்டின் தாய் கீத்தாவைப் பற்றி அங்கே தச்சர் பேசினார். அன்று ஒரே நாளில் ஹரால்ட், கிர்த், லியோஃப்வின் என்று மூன்று மகன்கள். அதற்குப் பத்தொன்பது நாள் முன்பு வடக்கே ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில், ஹரால்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று செத்த டாஸ்டிக்கும் அவள் மகன். ஹரால்டின் உடலைக் கொடுத்தால் எடைக்கு எடை பொன் தருகிறேன் என்று கேட்டாளாம், வில்லியம் மறுத்துவிட்டாராம். முகத்தை வைத்து அடையாளம் காணமுடியாத நிலையில் இருந்தது உடல். அன்னக்கழுத்தி என்று பெயர்பெற்ற ஈடித், ஹரால்டோடு பல காலம் வாழ்ந்தவள், பிணங்களுக்கு நடுவே நடந்து, அவளுக்கு மட்டும் தெரிந்த குறிகளை வைத்துக் கண்டுபிடித்தாள் என்று வால்தம் மடத்துக் குறிப்பு சொல்கிறது. தச்சர் இதைச் சொல்லிவிட்டு வேலிப்படலில் கைவைத்தபடி கொஞ்சநேரம் நின்றார். திரும்பும் வழியில், அடுத்த ஆட்டத்தில் யாரையும் எடுக்காமல் ஆடிப்பார்ப்போமா என்று கேட்டேன். ‘கிடக்கட்டும் அங்கேயே’ என்றார், அதை நான் கேட்பதற்காகத்தான் காத்திருந்தவர்போல.

அப்படியே ஆடினோம். விழுந்தவனைச் சாய்த்து, விழுந்த இடத்திலேயே விட்டுவிடுவது. மற்ற விதிகள் எல்லாம் வழக்கம்போல. முதல் சுற்றில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது பாய்ச்சலில் என் குதிரைகளை வைக்க இடமில்லை. கிடப்பவர்களின் ஈட்டிகளுக்கு இடையே அடித்தட்டைச் செருகவேண்டியிருந்தது. ஒரு குதிரை ஒருவனின் மார்மேல் சாய்ந்து நின்றது, நேராக்கினால் மறுபடி சாய்ந்தது. பகடை உருட்டினால் உருண்டுபோய் ஒரு கேடயத்தில் முட்டி விளிம்பில் நின்றுவிடும், எந்த எண் என்று சொல்லமுடியாது, மறுபடி உருட்டவேண்டும். நான் வரைந்த கண்கள் இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நிற்பவன் எவன் கிடப்பவன் எவன் என்று எண்ணிச் சொல்லவே நேரமெடுத்தது. மெல்ல மெல்ல இருவர் பேச்சும் குறைந்தது. அந்தச் சரிவைப் பிடிக்கவேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்குக் குறையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பகடை கையில் இருந்தபோதெல்லாம் அந்தச் சொல் நாக்குநுனிவரை வந்தது. நான்கு மணி நேரத்தில், வழக்கமாக ஒன்றரை மணியில் எட்டும் இடத்தைத்தான் எட்டியிருந்தோம். மேட்டில் நின்றவர்கள் ஒன்பது பேர். நாற்பத்தொரு பேர் கிடந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இருட்டியிருந்தது. யார் ஜெயித்தது என்று முடிவு செய்யாமலே நிறுத்தினோம்.

எடுத்துவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொருவனையும் மற்றவன் ஆயுதத்திலிருந்து விடுவித்து, கீறல் விழாமல், இரண்டு கையாலும் தூக்கவேண்டியிருந்தது. இரண்டு தரப்பும் அணிவது ஒரே வளையக்கவசம், ஒரே கூம்புத் தலைக்கவசம். மேட்டின் வலக்கோடியில் ஒருவனின் கேடயம் கழன்று எங்கோ போயிருந்தது, கையில் ஆயுதமும் இல்லை. என்னுடையவனா அவருடையவனா என்று எனக்குத் தெரியவில்லை, நீட்டினேன். தச்சர் வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தார். அதன் அடியில் பென்சிலால் சிறிதாக ஒரு தேதி எழுதியிருந்தது. வண்ணம் பூசி முடித்த நாள் என்றார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மார்ச் மாதம். விரலால் ஒருமுறை தடவிவிட்டு, பெட்டியில் மூன்றாவது வரிசையில் ஒரு குழியில் படுக்கவைத்தார். நான் என் குவியலிலிருந்து ஒருவனை எடுத்துத் திருப்பினேன். வெறும் பிளாஸ்டிக். இன்னொருவனையும் திருப்பினேன். பிறகு தச்சரிடம் பென்சிலைக் கேட்டேன். காதிலிருந்து உருவிக் கொடுத்தார்.